யார்க்‌ஷயர் டேல்ஸில் ஒரு வாரம்: எந்தக் கல்வீட்டை எடுப்பது?

கேள்வி சுருக்கமாக இது. லண்டன் பக்கம் இருக்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, 9 வயதிலும் 6 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மதுரையிலிருந்து மாமனாரும் (72) மாமியாரும் (67) வருகிறார்கள். மே கடைசி வாரப் பள்ளி விடுமுறையில், வட இங்கிலாந்தில் பள்ளத்தாக்குகள் நிறைந்த தேசியப் பூங்காவான யார்க்‌ஷயர் டேல்ஸில் பழைய கல்வீடு ஒன்றை ஒரு வாரத்துக்கு எடுக்க ஆசை. இரண்டு வீடுகள் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று, மேல் ஸ்வேல்டேலில் பழைய ஈயச் சுரங்கத் தொழிலாளி வீடு. இன்னொன்று, மால்ஹம் பக்கம் மாட்டுக்கொட்டிலை மாற்றிக் கட்டியது. முதலாவது பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவதில் வசதி அதிகம். எதை எடுப்பது, என்னென்ன பார்த்து எடுப்பது?

கொட்டிலை எடுங்கள். இந்த ஒரு பதில் போதுமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சுரங்க வீட்டின் படங்களைப் பார்த்த பிறகு மனசு கேட்காது என்று எனக்குத் தெரியும். எனக்கும் கேட்கவில்லை.

லீட்ஸுக்குக் குடிவந்த புதிதில் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். நானும் இதே மாதிரி ஒரு வீட்டைத்தான் பிடித்தேன். படமெல்லாம் ஜூன் மாதத்தில் எடுத்தது: வாசலில் ரோஜா, பின்னால் புல்வெளி. நாங்கள் போனது நவம்பர் நடுவில், விலை பாதி என்பதால். அந்த மாதத்தில் அங்கே நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். வீட்டுக்குள் நுழையும் நேரமும் நாலு மணிதான். கைப்பேசி வெளிச்சத்தில் சாவிப்பெட்டியின் எண்களைத் திருப்பித் திறந்து உள்ளே போனால், வெளியைவிட உள்ளே குளிர். ஹீட்டர்கள் எல்லாம் இரவில் மலிவு மின்சாரத்தை வாங்கி உள்ளே இருக்கும் கல்லில் சூட்டைச் சேர்த்துவைத்து, மறுநாள் பகலில் மெல்ல விடுகிற ரகம். முந்தின வாரம் வீடு காலி, யாரும் போட்டுவைக்கவில்லை. அதாவது நாங்கள் சாயங்காலம் சுவிட்சைப் போட்டால் மறுநாள் காலைதான் வெப்பம் வரும். அம்மா இரண்டு ஸ்வெட்டரும் மங்கிகுல்லாவும் மாட்டிக்கொண்டு, "இதுக்குக் காசு வேற குடுத்தியா?" என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். வீடு நிஜமாகவே கதகதப்பானது மூன்றாம் நாள். நான்காம் நாள் காலை பத்து மணிக்குக் காலி செய்தோம்.

வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை என்பது அப்புறம்தான் புரிந்தது. அந்த வீடு அப்படித்தான் வேலை செய்யும். சுவர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் கனம். வெளியே ஒரு வரிசைக் கல், உள்ளே ஒரு வரிசைக் கல், நடுவில் சில்லுக்கல்லும் மண்ணும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இவ்வளவு கல்லையும் சூடேற்ற நாளாகும். ஏறிவிட்டால் ஆறவும் நாளாகும். ஒரு காலத்தில் அடுப்பு வருடம் முழுக்க எரிந்த வீடு அது. வெள்ளிக்கிழமை வந்து திங்கட்கிழமை போகிற ஆட்களுக்காகக் கட்டியதல்ல. அதனால் எந்தக் கல்வீட்டை எடுத்தாலும் உரிமையாளரிடம் முதலில் கேட்க வேண்டியது, "நாங்கள் வரும் நாளுக்கு முந்தின நாளே ஹீட்டிங் போட்டு வைப்பீர்களா?" என்பதுதான். அந்தப் பள்ளத்தாக்குகளின் உள்பகுதிகளுக்குக் குழாய் எரிவாயு போகவில்லை. எண்ணெய் பாய்லரா, சிலிண்டர் எரிவாயுவா, மின்சாரமா என்பதையும், அதன் செலவு வாடகைக்குள் அடங்குமா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மே கடைசி என்றால் கோடை என்று நினைத்துவிடாதீர்கள். பகல் நீளமாக இருக்கும், ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஆனால் மதுரையிலிருந்து வருகிறவர்களுக்கு அந்த ஊர் மே மாத இரவு நம் மார்கழியைவிட மோசம்.

ஓதமும் இதே கதைதான். இந்தச் சுவர்களுக்கு அடியில் ஈரம் ஏறாமல் தடுக்கும் படலம் கிடையாது. சுண்ணாம்புக் காரையில் கட்டியதால், ஏறிய ஈரம் காரை வழியாகவே வெளியேறிக் காய்ந்துவிடும். பிற்காலத்தில் யாராவது சிமென்ட் பூசியிருந்தால் போச்சு, ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிள்ளைகளில் யாருக்காவது இளைப்பு இருந்தால் இதை அலட்சியம் செய்யாதீர்கள். முன்பு தங்கியவர்கள் எழுதிய மதிப்புரைகளில் ஈரம், குளிர், செங்குத்து என்ற பொருளில் வரும் ஆங்கிலச் சொற்களைத் தேடிப் படியுங்கள். நட்சத்திரங்களைவிட அவை உண்மை பேசும். விளம்பரத்துக்கென்று ஒரு தனி அகராதியே உண்டு. 'கோஸி' என்றால் சின்னது. 'கேரக்டர்' என்றால் தலை இடிக்கும்.

இப்போது முக்கியமான விஷயம், கழிப்பறை. அழகான படங்களில் இது வராது. ஸ்வேல்டேலில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஈயச் சுரங்கம் பெருந்தொழில். அந்தத் தொழிலாளிகளின் வீடுகள் பெரும்பாலும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, இடையில் புகைபோக்கியை ஒட்டி வளைந்து ஏறும் குறுகலான படி என்ற கணக்கில்தான் இருக்கும். 1880களில் ஈயத்தின் விலை விழுந்து தொழில் படுத்ததும் குடும்பம் குடும்பமாக லங்காஷயர் பஞ்சாலைகளுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். காலியான வீடுகளில் பல இன்று விடுமுறை வீடுகள். கட்டியபோது உள்ளே குளியலறையே கிடையாது. குழாய் வந்த பிறகு சமையலறைக்குப் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அதில் குளியலறை வைத்தார்கள். ஆகவே படுக்கை மேலே, கழிப்பறை கீழே. உங்கள் மாமனார் இரவு இரண்டு முறை எழுந்திருப்பவர் என்றால், ஒவ்வொரு முறையும் தூக்கக் கலக்கத்தில் அந்தச் செங்குத்துப் படியில் இறங்கி, சில்லிட்ட கல்தரையைத் தாண்டிப் போக வேண்டும். கைப்பிடிக்குப் பதில் ஒரு கயிறு மட்டும் தொங்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் சுரங்க வீட்டில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். தரைப்படம் வாங்கிப் பாருங்கள். தரைப்படம் தராதவர்களிடம் படியின் புகைப்படம் ஒன்று கேளுங்கள். குளியலும் அப்படித்தான்: தொட்டிக்கு மேல் ஷவர் வைத்திருந்தால் குளிக்க ஒவ்வொரு தடவையும் அந்த விளிம்பைக் காலைத் தூக்கித் தாண்ட வேண்டும். மூட்டுவலி உள்ள மாமியாருக்கு அது தினசரி தண்டனை. தரையோடு தரையாக இருக்கும் ஷவர் இருந்தால் அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். ஒரு பிளாஸ்டிக் குவளையை எடுத்துக்கொண்டு போங்கள். ஏன் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கொட்டிலைப் பற்றி. டேல்ஸில் வயலுக்கு வயல் தனியாக நிற்கும் கல்கொட்டில்களைப் பார்ப்பீர்கள். கீழே நாலைந்து மாடுகள், மேலே பரணில் அவற்றுக்குக் குளிர்காலம் முழுதும் தின்னக் காய்ந்த புல். கோடையில் அறுத்த புல்லை ஊருக்குள் சுமந்துவராமல் வயலிலேயே சேர்த்துவைத்து, மாட்டையும் அங்கேயே கட்டி, சாணத்தையும் அங்கேயே போட்டுவிடுகிற ஏற்பாடு. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. உங்கள் மாமனார் பார்த்தவுடனே சொல்லிவிடுவார். இப்படிப்பட்ட கொட்டிலை வீடாக்கும்போது தரையைத் தோண்டிப் புதிதாகப் போட வேண்டியிருக்கும், சுவருக்கு உட்புறம் வெப்பக்காப்பு வைக்க வேண்டியிருக்கும், பாய்லர், குழாய் எல்லாம் புதிது. வெளியே அதே பழைய கல், உள்ளே ஏறத்தாழ இன்றைய வீடு. இது 'அசல்' இல்லை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. முதியவர்களோடு போகும்போது எனக்கு அந்தக் கவலை இல்லை.

கொட்டிலிலும் இரண்டு குறைகள் உண்டு. மாட்டுக்கு ஜன்னல் எதற்கு? வெளித்தோற்றம் மாறக்கூடாது என்று தேசியப் பூங்காவின் திட்டமிடல் துறை கறாராக இருப்பதால், புதிதாகத் திறப்புகள் வைக்க எளிதில் அனுமதி கிடைக்காது. அதனால் சில அறைகள் இருட்டாக இருக்கும். இரண்டாவது, சில கொட்டில்களில் வீட்டைத் தலைகீழாக அமைத்திருப்பார்கள்: வெளிச்சமும் உயரமும் மேலே என்பதால் கூடமும் சமையலறையும் மாடியில், படுக்கையறைகள் கீழே. இரவுக்கு இது நல்லது, ஆனால் ஒவ்வொரு காபிக்கும் படி ஏற வேண்டும். உங்கள் வீடு எந்த வகை என்று கேட்டுக்கொள்ளுங்கள். படி அகலமாக, கைப்பிடியோடு இருந்தால் நான் ஒத்துக்கொள்வேன்.

சமையல். ஆறு பேர் ஒரு வாரம் என்றால் நீங்கள் சமைக்கத்தான் போகிறீர்கள். கிராம பப்களில் சமையலறையை எட்டரை, ஒன்பதுக்கு மூடிவிடுவார்கள். சைவத்துக்கு ஓரிரண்டு அயிட்டம்தான் இருக்கும், விடுமுறை வாரத்தில் முன்பதிவு இல்லாமல் மேசையும் கிடைக்காது. அடுப்பு இன்டக்‌ஷனா என்று கேளுங்கள். அப்படியானால் ஊரிலிருந்து கொண்டுவந்த அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. ஸ்டீல் குக்கர் எடுத்துப் போங்கள். சில பண்ணை வீடுகளில் ஆகா அல்லது ரேபர்ன் என்ற பெரிய இரும்பு அடுப்பு எப்போதும் சூடாகவே இருக்கும். மூடியைத் திறந்து வைத்தால் சூடு போய்விடும், வேலை முடிந்ததும் மூடிவிட வேண்டும். அதன் கீழறை ஒன்றில் இட்லிமாவு புளிக்கும் என்று ஆசைப்பட்டு வைத்து வேகவைத்தே விட்டேன். மாவை அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள், உள்ளே அல்ல.

தாளிக்கும்போது புகை அலாரம் கத்தும், நிச்சயம் கத்தும். ஜன்னலைத் திறந்து, சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுத் தாளியுங்கள். அலாரத்தைத் துணியால் மூடுவதோ பேட்டரியைக் கழற்றுவதோ கூடவே கூடாது. மரக்கூரையும் விறகு அடுப்பும் உள்ள வீடு அது. மஞ்சள்கறை இன்னொரு தொல்லை. வெள்ளை மேடையில் பட்டால் போகாது, சுத்தம் செய்யும் கூலியை உங்களிடம் வாங்குவார்கள். பழைய செய்தித்தாளோ ரெக்சின் விரிப்போ போட்டுக்கொள்ளுங்கள். ஊருக்குள் பாதாளச் சாக்கடை வராத வீடுகளில் செப்டிக் டேங்க்தான். சாதமும் எண்ணெயும் தொட்டியில் போகக்கூடாது, ஈரத் துடைப்பான் தாள் கழிப்பறையில் போகவே கூடாது. சாமான்களை பிராட்ஃபோர்டிலோ லீட்ஸிலோ வாங்கிக்கொண்டு ஏறுங்கள், கறிவேப்பிலை வரைக்கும் கிடைக்கும். காய்கறி, பாலுக்கு ஸ்கிப்டன் கடைசிப் பெரிய ஊர். ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்தில் பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

விறகு அடுப்பு பிள்ளைகளுக்குப் பெரிய விளையாட்டு, அதனால்தான் கவனம். முதல் கூடை விறகு பெரும்பாலும் வாடகையில் சேர்த்தி. அப்புறம் நாமே வாங்க வேண்டும். 2021 மே முதல் இங்கிலாந்தில் சிறு அளவில் விற்கும் விறகில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது சட்டம். அதற்கான முத்திரை உள்ள மூட்டையாகப் பார்த்து வாங்குங்கள். வழியில் பொறுக்கிய ஈரக்கட்டையைப் போட்டால் வீடு முழுக்கப் புகைதான். கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று போனவுடன் பாருங்கள். இரவு முழுதும் கணகணவென்று இருக்கட்டும் என்று காற்றுத் துவாரத்தை இறுக்க மூடிவிட்டுத் தூங்காதீர்கள்.

போகும் பாதை. வண்டி ஏழு பேர் அமரும் பெரிய வண்டியாக இருந்தால், கடைசி மூன்று மைலைப் பகல் வெளிச்சத்தில் ஓட்டுங்கள். இரண்டு பக்கமும் காரையில்லாமல் அடுக்கிய கல்சுவர், நடுவில் ஒரே ஒரு வண்டி அகலம், எதிரில் டிராக்டர் வந்தால் யாராவது ஒருவர் ஒதுங்கும் இடம் வரை பின்னால் போக வேண்டும். இந்தப் பூங்காவுக்குள் மட்டும் இப்படிப்பட்ட சுவர்கள் 8,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. அவற்றில் ஒரு மீட்டரில் உங்கள் வாடகைக்கார் உரசும் வாய்ப்பு நல்லாவே உண்டு. அஞ்சல் எண்ணை நம்பாதீர்கள், ஒரே எண்ணில் அரை மைல் தள்ளித்தள்ளி நாலு பண்ணைகள் இருக்கும். உரிமையாளர் எழுதி அனுப்பும் வழிக்குறிப்பைத் தாளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்கியதும் கைப்பேசி சிக்னல் போய்விடும். அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தில் மால்ஹம் பக்கத்துக்கு ஓஎல் 2 என்ற எண்ணுள்ள தாள், ஸ்வேல்டேலுக்கு ஓஎல் 30.

மருந்து ஒரு வாரத்துக்கு மேலேயே எடுத்துப் போங்கள். மேல் ஸ்வேல்டேலிலிருந்து அவசரப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக ஒரு மணி நேரம்கூட ஆகலாம். நான் மால்ஹம் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு அவசரப் பிரிவில் பார்ப்பது இலவசம், ஆனால் உள்நோயாளியாகச் சேர்த்தால் கட்டணம் உண்டு. மாமனார், மாமியாரின் பயணக் காப்பீட்டுத் தாள்களும் கையோடு இருக்கட்டும்.

பணம் கட்டும் முன் ஒன்று. இணையத்தில் வாங்கிய பொருளைப் பதினாலு நாளில் திருப்பித் தரும் உரிமை இங்கே பலருக்கும் தெரியும். குறிப்பிட்ட தேதிகளுக்குப் பதிவு செய்த தங்குமிடத்துக்கு அந்த உரிமை கிடையாது. பதிவு செய்த மறுநாளே மனம் மாறினாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். விசா இன்னும் வரவில்லை என்றால் ரத்து விதியை இரண்டு தடவை படியுங்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரையிலான தொகைக்குக் கார்டு நிறுவனத்துக்கும் சட்டப்படி பொறுப்பு உண்டு. இடைத்தரகர் வழியே கட்டினால் அதில் சிக்கல் வரலாம், நேரடியாகக் கட்டுவது மேல். தனியாள் வங்கிக் கணக்குக்கு நேரே அனுப்பச் சொல்லி, "விலை குறைத்துத் தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று விலகிவிடுங்கள். அந்த வீட்டின் படத்தைத் தேடுபொறியில் கொடுத்தால் சில சமயம் வேறு ஊரில் வேறு பெயரில் நிற்கும்.

மால்ஹமில் உங்களுக்குச் செய்ய நிறைய இருக்கிறது. மால்ஹம் கோவ் என்ற 80 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறையின் அடிவரைக்கும் சமமான பாதை. மாமனார், மாமியார் மெல்ல நடந்து போய் ஓடையோரம் உட்காரலாம். மேலே ஏற ஏறத்தாழ 400 படி, அது பிள்ளைகளுக்கும் உங்களுக்கும். ஜேனட்ஸ் ஃபாஸ் அருவிக்குப் போகும் மரநிழலில் மே மாதம் காட்டுப்பூண்டு மண்டிக்கிடக்கும். எங்கள் அம்மா அங்கே போனதும் யாரோ ரசம் வைக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். ஒருநாள் செட்டில் என்ற ஊரில் ரயில் ஏறி, 1876இல் பயணிகளுக்குத் திறந்த கார்லைல் பாதையில் 24 வளைவுகள் கொண்ட ரிபிள்ஹெட் பாலத்தைத் தாண்டிப் போய்வரலாம். டென்ட் நிலையத்தில் மட்டும் ஊரைப் பார்க்கலாம் என்று இறங்கிவிடாதீர்கள். ஊர் நாலு மைலுக்கு மேல் தள்ளி, மலைக்குக் கீழே இருக்கிறது.

பழைய வீடுகளின் வாசல் நிலைக்கல்லைப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். பலவற்றில் வருடமும் மூன்று எழுத்தும் செதுக்கியிருக்கும்: மேலே குடும்பப் பெயரின் முதலெழுத்து, கீழே கணவன் பெயருக்கு ஒன்று, மனைவி பெயருக்கு ஒன்று.

சுரங்க வீட்டை அடியோடு மறக்கச் சொல்லவில்லை. அந்த வாரத்தில் ஒருநாள் ஹாஸ் வழியாக பட்டர்டப்ஸ் கணவாயைத் தாண்டி ஸ்வேல்டேலில் இருக்கும் மியூக்கர் கிராமத்துக்குப் போய்வாருங்கள். புல்வெளியில் பூ முழுதாக விரிய ஜூன் நடுவாகும். கல்கொட்டில்களும் சுவர்களும் எந்த மாதமும் அப்படியே நிற்கும். போகும் வழியில் அந்த வீட்டையும் வெளியிலிருந்து ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். பிடித்திருந்தால், மாமனாரும் மாமியாரும் ஊர் திரும்பிய பிறகு நீங்கள் நாலு பேரும் செப்டம்பரில் ஒரு வாரயிறுதிக்கு எடுக்கலாம். பள்ளி திறந்துவிட்டதால் வாடகையும் இறங்கியிருக்கும், வெள்ளி முதல் திங்கள் வரை மூன்று இரவுக்கும் தருவார்கள். ஹீட்டிங்கை முந்தின நாளே போட்டுவைக்கச் சொல்லிவிடுங்கள்.